நாளைக்கு எது முக்கியம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில், முக்கியமானதை முன்னிறுத்தி ஒவ்வொரு நாளையும் வாழ்வது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மகளிர் குழுவினர், கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று வருகிறவர்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால், முதன்முறை வாசிப்பவர்கள் வரிசையாக வாசிப்பது நல்லது.

நோக்கத்தோடு வாழ்வது என்கிறீர்களே, அது என்ன? விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துகொள்ளச் சொல்கிறீர்களா?

இல்லை. எத்தனை மணிக்கு எழுவது என்பது உங்கள் உடலையும் வேலையையும் பொறுத்தது. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் செவிலியரை ஐந்து மணிக்கு எழச் சொல்வதில் பொருளே இல்லை. நாங்கள் பேசுவது இதைத்தான்: நாளை இரவு படுக்கப் போகும்போது எது நடந்திருந்தால் அந்த நாள் வீணாகவில்லை என்று நினைப்பீர்களோ, அதை இன்றே தீர்மானித்து, அதற்கு நாளில் ஓர் இடம் ஒதுக்கி, செய்துமுடிப்பது.

அச்சகத் தொழிலில் தொடங்கி அமெரிக்காவின் பெரிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நாளை இரண்டு கேள்விகளுக்கு நடுவில் வைத்திருந்தார். காலையில், இன்று என்ன நன்மை செய்யப்போகிறேன்? இரவில், இன்று என்ன நன்மை செய்தேன்? அவர் போட்டுவைத்த நாள் அட்டவணையிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்ததை மட்டும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள், கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியவை அந்தக் கேள்விகள்தான்.

எல்லாமே முக்கியமாகத்தான் தெரிகிறது. எது முக்கியம் என்று எப்படிப் பிரிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலானோர் தடுமாறும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவசரமானது வேறு, முக்கியமானது வேறு. 1954-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் எவன்ஸ்டன் நகரில் பேசியபோது, ஒரு முன்னாள் கல்லூரித் தலைவரின் கூற்றாக இதைக் குறிப்பிட்டார்: என் பிரச்சினைகள் இரண்டு வகை, அவசரமானவை முக்கியமானவையாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமாக இருப்பதே இல்லை. கூற்றில் கொஞ்சம் மிகை உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் அது அவசரமும்தான், முக்கியமும்தான். ஆனால் சாதாரண நாட்களுக்கு இந்தப் பிரிவு நன்றாகவே பொருந்துகிறது.

அவசரமானதை யாராவது நினைவூட்டிவிடுவார்கள். மின் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு, பள்ளிக் கட்டணத்துக்குக் குறுஞ்செய்தி வரும், மேலாளர் தொலைபேசியில் கூப்பிடுவார். முக்கியமானதை நினைவூட்ட ஆள் கிடையாது. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றும்படி யாரும் வந்து கேட்கமாட்டார்கள். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும் அன்றுதான் தெரியும், அதற்குள் வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையில் இருக்கமாட்டார். சர்க்கரை அளவைப் பரிசோதிப்பது, கணக்கில் பின்தங்கும் மகளோடு உட்காருவது, அப்பாவிடம் அவருடைய இளமைக் காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லாம் இதே வகைதான்.

ஆகவே ஒவ்வொரு வேலையிடமும் இப்படிக் கேளுங்கள்: இதை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் எதை இழப்பேன்? அபராதத்தோடு முடிந்துவிடும் என்றால் அது அவசரம் மட்டும்தான். திரும்பக் கிடைக்காத ஒன்றை இழப்பேன் என்றால் அதுதான் நீங்கள் தேடுவது.

எழுதித்தான் ஆக வேண்டுமா? மனதில் வைத்துக்கொண்டால் போதாதா?

எழுதுங்கள். முடிக்காத வேலை மனதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927-லேயே இதைக் கவனித்து வெளியிட்டார்: முடித்த வேலைகளைவிட நடுவில் நிறுத்தப்பட்டவை மக்களுக்கு அதிகம் நினைவில் நின்றன. 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் பயனுள்ள ஒன்றைக் காட்டினார்கள். வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே அந்தச் சுரண்டல் அடங்கிவிடுகிறது.

எழுதும் விதமும் முக்கியம். "படிக்க வேண்டும்" என்பது ஆசை. "காலையில் தேநீர் குடித்ததும், வாசல் மேசையில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புத் தமிழ் நூலில் மூன்றாம் இயலை முடிப்பேன்" என்பது திட்டம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சொன்ன காலத்துக்குள் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். 1997-ல் வெளியான இந்த ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம், நேரத்தையும் இடத்தையும் குறிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதுதான்.

அதற்கென்று தனியாக டைரி, செயலி ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். நகைக்கடையோ மளிகைக்கடையோ கொடுத்த, தேதி கிழிக்கிற காலண்டர். அதில் நாளைய தாளின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். காலையில் நல்ல நேரம் பார்க்க எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறோம், வரி தானாகக் கண்ணில் படும். கிழித்த தாள்களை ஒரு கவரில் போட்டுவையுங்கள். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால், நாட்கள் எங்கே போயின என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

காலையில் எழுதுவதா, இரவிலா?

இரவில். காலையில் வீடு உங்களை இழுக்கத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு வரி என்கிறீர்கள். என் பட்டியலில் பதினைந்து வேலைகள் இருக்கின்றனவே?

பதினைந்தையும் வேறொரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றையும் விடச் சொல்லவில்லை. காலண்டர் வரி என்பது அன்று மழை பெய்தாலும் விருந்தாளி வந்தாலும் நடந்தே தீர வேண்டியது. பட்டியலில் எளிதானவற்றையே முதலில் அடித்துக்கொண்டு வருவது மனித இயல்பு. பத்து அடித்த மகிழ்ச்சியில் பதினோராவதாக நின்ற பெரிய வேலை நாளைக்குப் போய்விடும். தனி வரி அதைத் தடுக்கிறது. வரி முடிந்தபின் மற்றவற்றை எந்த ஒழுங்கில் வேண்டுமானாலும் செய்யுங்கள்.

போட்ட நேரத்தில் எதுவும் முடிவதில்லை. ஒரு மணி நேரம் என்று நினைத்தால் மூன்று மணி நேரம் ஆகிறது. நான் சோம்பேறியா?

சோம்பேறி இல்லை. எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மிக மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான நிலைமையைக் கற்பனை செய்தும்கூட அவர்களால் உண்மையைத் தொட முடியவில்லை.

போனமுறை இதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள், அதையே எழுதுங்கள். இந்தமுறை சீக்கிரம் முடிந்துவிடும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும், அதைக் கேட்காதீர்கள். முன்பு செய்ததே இல்லை என்றால் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். தாலுகா அலுவலகம் போகிற வேலை என்றால் அரைநாள்.

உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துவிடுகிறேன். என்ன செய்வது?

அடுத்த அறையில் வையுங்கள். கவிழ்த்துவைப்பது, ஒலியை அடக்குவது எல்லாம் பாதி நடவடிக்கைகள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்கும் பொருளை எடுக்காமலிருக்க மனஉறுதி வேண்டும். எழுந்து போய் எடுக்க வேண்டியதை எடுக்காமலிருக்கச் சோம்பலே போதும்.

இரண்டு நிமிடம் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு: சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் உங்கள் கண் பாடத்துக்குத் திரும்பிவிடும், குடும்பக் குழுவில் சித்தப்பா எழுதியது மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்துதான் ஆக வேண்டும் என்கிற நிலையில், எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். லெராயின் பிந்தைய ஆய்வு ஒன்று இதனால் பலன் இருப்பதைக் காட்டியது.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்கிறார்களே.

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாட்கள் ஆகின்றன என்று 1960-ல் எழுதினார். அதில் "குறைந்தது" என்ற சொல் வழியில் காணாமல் போய், முகமும் காணாமல் போய், 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பழக்கமாக ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம், 18 முதல் 254 நாட்கள் வரை.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஒரு தாள் வெறுமையாகப் போனால் மறுநாள் தாளில் எழுதுங்கள், அவ்வளவுதான். ஒன்றாம் தேதி பிறக்கட்டும், தை பிறக்கட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் உண்மையில் நாட்களை இழக்கிறார்கள்.

ராகு காலம், எமகண்டம் பார்க்கிற வீடு எங்களுடையது. நீங்கள் சொல்கிற நேரத்தில் எப்படி உட்காருவது?

பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, தயங்கத் தேவையில்லை. திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை, சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை என்று நாளுக்கு நாள் மாறுகிறது. பகலில் தினமும் ஒரே நேரம் ஒதுக்கினால் வாரத்தில் ஏதோ ஒரு நாள் மோதக்கூடும். ஆனால் நம் வீடுகளின் வழக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதும் இல்லை. அடுப்பில் இருக்கும் சோற்றை யாரும் இறக்கிவைப்பதில்லை. நல்ல நாள் பார்த்து ஒருமுறை தொடங்கிவிடுங்கள், அதன்பிறகு அது தொடர்கிற வேலை. பாட்டியிடம் இப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

நான் வீட்டில் இருக்கிறேன். மாமியார், இரண்டு பிள்ளைகள், சமையல். என் நேரம் என் கையில் இல்லை. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பிராங்க்ளினிடமே தொடங்குகிறேன். தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள முடிந்த தொழிலாளிக்கு அந்த அட்டவணை சரிவரலாம், ஊரோடு பழகி மற்றவர்கள் வரும் நேரத்துக்கு வேலை பார்க்க வேண்டியவருக்கு அப்படியே கடைப்பிடிக்க முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். ஒழுங்குதான் தனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது என்றும் ஒத்துக்கொண்டார். அச்சகம் நடத்தியவருக்கே அப்படி என்றால், ஐந்து பேருக்குச் சமைக்கிறவருக்குச் சொல்லவே வேண்டாம்.

இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளியை எந்தக் காலண்டர் வரியாலும் மூட முடியாது, வீட்டில் உள்ளவர்கள்தான் மூட வேண்டும். எனவே உங்கள் முதல் வரி "வங்கித் தேர்வுக்குப் படிப்பது" என்றோ "தையல்" என்றோ இருக்கக்கூடாது. "இரவுச் சாப்பாட்டுக்குப்பின் பாத்திரங்களைக் கணவர் கழுவுவது பற்றி அவரிடம் பேசுவேன்" என்று இருக்க வேண்டும். இதை மனமாரச் சொல்கிறேன். நேரம் கிடைத்த பிறகுதான் கவனம் பற்றிப் பேச முடியும்.

அப்படிக் கிடைத்த அரைமணியில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், கைப்பேசிக் கேள்வியில் சொன்ன "எங்கே நிறுத்தினேன்" வரி மிகவும் உதவும். மகளிர் குழுவில் ஒரு அக்கா தைத்துக்கொண்டிருக்கும் துணியிலேயே சாக்பீஸால் குறித்துவிட்டு எழுகிறார்.

கம்பெனியில் ஷிப்ட், ஓவர்டைம். திரும்பி வந்தால் படுக்கை. எனக்கு என்ன நோக்கம் இருக்க முடியும்?

வேலை நாளில் சிறிய வரி போதும். மதிய உணவு இடைவேளையில் அம்மாவுக்குத் தொலைபேசி, அல்லது சம்பளம் வந்த அன்றே அஞ்சலகச் சேமிப்பில் ஒரு தொகை. பெரியதை வார விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடல் களைத்துப்போனால் தூக்கமே அன்றைய முக்கியம். அதை எழுதிவிட்டுத் தூங்குங்கள், குற்ற உணர்வு வேண்டாம்.

இப்படி எழுதி எழுதி வாழ்ந்தால் இயந்திரமாகிவிட மாட்டோமா? சும்மா இருப்பதற்கு இடமே இல்லையா?

உண்டு, எழுதியே வைக்கலாம். காந்தி திங்கட்கிழமைகளில் பேசுவதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். அவரைப் பார்க்க வருவோர் கூட்டத்தையும் கடிதக் குவியலையும் நினைத்தால், அந்த ஒரு நாள் தானாகக் கிடைத்திருக்காது, எடுத்துக்கொண்டதுதான் என்பது புரியும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது உங்களுக்கு முக்கியம் என்றால் அதுவே அன்றைய வரி. நாங்கள் எதிர்ப்பது, ஓய்வெடுக்கலாம் என்று படுத்து, மூன்று மணி நேரம் யாரோ சமைப்பதையும் சண்டை போடுவதையும் திரையில் பார்த்துவிட்டு, படுத்தபோது இருந்ததைவிடக் களைப்பாக எழுவதைத்தான்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் கோபம், போனால் நாள் போய்விடுகிறது.

உறவுகளைப் படிப்புக்குத் தடை என்று நினைக்கத் தொடங்காதீர்கள். தேர்வு முடிந்தபின்னும் அவர்களோடுதான் வாழப்போகிறீர்கள். ஆனால் எல்லா விசேஷங்களும் ஒன்றல்ல. கூடப் பிறந்த அக்காவின் திருமணத்தில் மூன்று நாள் ஓடியாடுவது உங்கள் முக்கியங்களில் ஒன்று. அப்பாவின் நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு முகூர்த்த நேரத்தில் போய், மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன ஓர் ஆண்டுச் சோதனையை இங்கும் போட்டுப் பாருங்கள்: போகாவிட்டால் எந்த உறவு திரும்பக் கிடைக்காமல் போகும்?

வீட்டாரிடம் அழைப்பிதழ் வந்த பிறகு மறுத்தால் அது அந்த வீட்டையே மறுத்ததாகத்தான் படும். மாதத் தொடக்கத்திலேயே படிக்கும் நேரத்தைச் சொல்லிவையுங்கள்.

அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் கனவுகள் எல்லாம் நின்றுவிட்டன. இந்த நாட்களுக்கு நோக்கம் என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே முக்கியமானதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போட முடியாதது, திரும்பக் கிடைக்காதது. மாத்திரை, உணவு, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது என்று வேலைகள் நாளை நிரப்பிவிடுவதால் அம்மாவோடு இருப்பது மட்டும் விட்டுப்போகலாம். அதனால் உங்கள் வரி ஒரு வேலையாக இருக்க வேண்டியதில்லை. அவருக்குப் பிடித்த பழைய பாட்டைச் சேர்ந்து கேட்பதாக இருக்கலாம், தலை வாரிவிடுவதாக இருக்கலாம்.

கூடவே உங்களுக்கென்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். வாரத்தில் ஓர் அரைநாள் அண்ணனோ அத்தையோ வந்து உட்கார வேண்டும் என்று கேளுங்கள். வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் பணம் அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், அது போதாது. தொலைபேசியில் தெளிவாகச் சொல்லுங்கள்: பணம் வேண்டாம், இரண்டாவது சனிக்கிழமை நீ வா.

ஒரே வரி மூன்று மாதமாகத் தாளிலிருந்து தாளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. எழுதுகிறேன், செய்வதில்லை. என்ன அர்த்தம்?

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வேலை பெரியதாக இருந்தால் உடைத்துவிடுங்கள். "பட்டா மாற்றம்" ஒரு வரியில் அடங்காது, "தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறதா என்று பார்ப்பது" அடங்கும். இரண்டாவது, அது வேறொருவரின் விருப்பமாக இருக்கலாம். மாமா சொன்னதற்காக எழுதிய வெளிநாட்டு வேலை விண்ணப்பம் உங்களுக்கு வேண்டாம் என்றால், துணிந்து அடித்துவிடுங்கள். அடிப்பதும் ஒரு தீர்மானம்தான்.

மூன்றாவது கடினமானது: பயம். பேச்சு நின்றுபோன தம்பியைக் கூப்பிடுவது, கொடுத்த கடனைக் கேட்பது, மார்பில் தட்டுப்படும் கட்டியை மருத்துவரிடம் காட்டுவது. கட்டி என்றால் இனி தாளில் எழுதவே வேண்டாம், நாளைக் காலையே போங்கள், துணைக்கு ஒருவரை இப்போதே கூப்பிடுங்கள். தம்பி என்றால் "பேச வேண்டும்" என்ற வரியை அடித்துவிட்டு, எந்த நேரத்தில் கூப்பிடுவீர்கள், அவன் எடுத்ததும் சொல்லப்போகும் முதல் வாக்கியம் என்ன என்று எழுதுங்கள். அவன் எடுக்காவிட்டால் மறுமுறை கூப்பிடும் நாளையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.